நான் நிரப்பாத விண்ணப்பம்

ஊர் சுற்றி அலுத்து, மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பங்கள் நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எம்.எஸ்சி. விலங்கியலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து பெண்ணொருத்தி வந்தாள்.

“அண்ணா, கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரல்ல. போடலாமா?”

திரையில் இருந்த ஆங்கில விதிகள் எனக்குப் பாதிதான் புரிந்தன. அதைச் சொல்ல வெட்கம்.

“முடியாது மக்கா. டிகிரி கையில இருக்கணும்.”

“அடுத்த வருசம் வீட்டுல விடமாட்டாவ. கல்யாணம் பேசியாச்சு” என்றவள், சிரிக்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

தேதி முடிந்த மறுநாள் முதலாளி அந்த அறிவிப்பை வாசித்தார். “ரிசல்ட் வராதவங்களும் போடலாம்னுல்லா இருக்கு. யாராவது கேட்டு வந்தாவளாலே?”

“இல்ல” என்றேன்.

அதன்பின் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். அவள் போன விதம் மட்டும் கூடவே வருகிறது. அவள் பி.எஸ்சி. படித்தவள். திரையை அவள் பக்கம் திருப்பியிருந்தால் அவளே வாசித்திருப்பாள்.