சேவியர் அண்ணன் தவறவிட்ட பந்துகள்

சைட்டில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தபோது நம் கூடைப்பந்து அணியின் முருகேசன் போன் செய்தான். "சேவியர் அண்ணனுக்கு ஸ்டோர்லயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றான். "போன வெள்ளிக்கிழமைகூட ஆடினாரே?" என்றுதான் முதலில் கேட்டேன். ஆடினார். எப்படி ஆடினார் என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

சவூதியில், இந்த அல் கோபாரில் அவரோடு கூடைப்பந்து ஆடிய எல்லோருக்கும் அவர் கதை தெரியும். தூத்துக்குடிக்காரர். சென்னையில் ஒரு வங்கி அணிக்குச் சம்பளத்துக்கு ஆடியவர். இங்கே ஒரு கம்பெனி, தன் அணிக்கு ஃபார்வர்டு வேண்டுமென்று அழைத்துவந்தது. விசாவில் ஸ்டோர் கீப்பர். வேலை, பந்து போடுவது. தோஹா, துபாய் என்று போய்க் கோப்பைகள் வாங்கித் தந்தார். ஒருநாள் கம்பெனி அணியையே கலைத்துவிட்டது. அண்ணன் முணுமுணுக்காமல் ஸ்டோருக்குப் போய் உட்கார்ந்தார். ஆட்டம் வெள்ளிக்கிழமைகளில் நம்மோடு மட்டும் என்றானது. "விசாவுல போட்டிருக்க வேலைய இப்பத்தாம்ல செய்யுதேன்" என்று சிரித்தார்.

கையில் அப்படியொரு நளினம். எதிராளி முகத்துக்கு நேரே கை நீட்டினாலும் அவசரப்பட மாட்டார். பந்து ரிங்கில் படாமல் வலைக்குள் இறங்கும். நான் முக்கி முக்கி வீசுவதைப் பார்த்து ஒருமுறை, "ஏல, எறியாத. வழியனுப்பி வை" என்றார். எனக்குக் கடைசிவரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை நம் வழக்கம் தெரியுமே. ஆட்டம் முடிந்ததும், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று ஆளுக்கொரு ஃப்ரீ த்ரோ. தவறவிட்டவர், மற்ற எல்லோருக்கும் கடக் டீ வாங்க வேண்டும். பல வருஷம் அண்ணன் ஓசி டீதான் குடித்தார். இந்தக் கோடையில் அவர் பந்து ரிங்கை எட்டாமலே விழ ஆரம்பித்தது. வாராவாரம் டீ அவர் கணக்கு. நாம் என்ன நினைத்தோம்? அண்ணனாவது தவறவிடுவதாவது, நமக்கு வாங்கித் தருவதற்காக வேண்டுமென்றே விடுகிறார் என்று. "அண்ணே, நடிப்பு பிரமாதம்!" என்று கத்தியவன் நான். அவர் மூச்சு வாங்கக் கோட்டோரம் உட்கார்ந்திருந்தார். நாம் சமோசாவும் சேர்த்துச் சொன்னோம். எழுதும்போதே முகம் கூசுகிறது. "என்ன செய்யுது?" என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? அவரால் தவறவிடவே முடியாது என்று நம்பியே கண்ணைக் கட்டிக்கொண்டோம்.

உடலை ஊருக்கு அனுப்பிய அன்று அண்ணியிடம் போனில் பேசினேன். ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"நீங்கள்லாம் தங்கமான பிள்ளைங்கன்னு அவங்க சொல்லுவாங்க தம்பி. 'எனக்கு முடியலன்னு அவனுவளுக்குத் தெரியும். கேட்டா நான் சங்கடப்படுவேன்னு எல்லாத்தையும் வெளயாட்டா மாத்திருதானுவ'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"சரி அண்ணி" என்றேன். இல்லை, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நல்ல பெயர்தான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.