சாக்கில் நாலாவது பள்ளம்

இது நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது சாயங்காலம் நாலேகாலுக்கு, பொழுது இருக்கும்போதே நடந்தது. தோட்டத்து ஆபீஸ் கடிகாரத்தில் அப்போது ஐந்தே முக்கால். ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டான். தோட்டக் கூலிக்காரி அம்மாக்கண்ணுவின் உடம்புதான் கடைசிவரை அதைக் கேட்கவில்லை. அதற்கு நாலேகால் என்றால் நாலேகால்தான்.

பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வருஷம் நாற்பத்து நாலு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாதிக்கு மேல் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். அம்மாக்கண்ணுவின் புருஷன் தங்கராஜுவை முந்தின வருஷமே சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடுதாசி இல்லை. அவன் போன இரண்டாம் மாதம் அவளுக்கு ஆறு மாதக் கரு நழுவியது. செத்துத்தான் பிறந்தது என்றாள் ஆயாக் கொட்டகை மணியம்மா. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், பிரசவத்துக்கு வருவதும் அவள்தான்.

கூலிக்காரர் வீட்டு வரிசையான அந்த லயத்தில் ஒரு வழக்கம். குறைமாதத்தில் விழுந்ததைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள். புதைத்த இடத்தையும் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் தாய் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்தது தங்காது என்பார்கள். அம்மாக்கண்ணுவுக்குக் கேட்கவும் தெம்பில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அரிசி இல்லை.

மிச்சம் இருந்தது சுந்தரி. வால் நுனி மடங்கிய சாம்பல் பூனை. குட்டியாக இருந்தபோது தங்கராஜு தானா ராத்தாவிலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தது. வீட்டில் அவள் வாய் திறந்து பேசுவது இப்போது அதனிடம் மட்டும்தான்.

அந்தச் சுந்தரி ஏழு வாரச் சினை. ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பூனையைக் காணவில்லை. விறகுக்குப் பின்னால் தேடினால், சாக்கெல்லாம் ரத்தம். விரல் நீளத்தில் மூன்று குட்டி. மயிர் முளைக்கவில்லை. ஒன்றிலும் அசைவில்லை. சுந்தரி அவற்றைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அற்புதம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நமக்கே தங்கல. பூனைக்கு எங்கிருந்து தங்கும்? பட்டினி, புள்ள. குளிரு வேற."

"பொழைக்குமாக்கா?"

"உடனே பிடுங்காத. அதுவா விட்டுட்டுப் போறவரைக்கும் நக்கட்டும். நஞ்சுக்கொடி மூணு விழுந்துச்சா?"

அம்மாக்கண்ணு பார்த்தாள். இரண்டுதான் இருந்தது.

"ஒண்ணத் தின்னுருக்கும். இல்ல, உள்ள நின்னுருச்சுனா அழுகிரும். நாத்தம் வருதா, உடம்பு சுடுதான்னு பாத்துக்க. இருட்டு மூலையில போடு. கதகதப்பா வெச்சுக்க. வெந்நீர் குடு. மடியில பால் கட்டுச்சுனாலும் ஆபத்துதான்லா."

பூனை தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்த மூன்றையும் பழைய துணியில் சுற்றி எடுத்துப் போனாள். ஆயாக் கொட்டகை வேலியோரம் மண் இளகிக் கிடந்தது. கெட்டி மண்ணைக் கொத்த அவளுக்குக் கையில் வலு இல்லை. அங்கேயே புதைத்துவிட்டு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடினாள்.

புதன்கிழமை சுந்தரி கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றியது. விறகைத் தோண்டியது. கருவாட்டுத் தலையைக் கடன் வாங்கி வந்து கஞ்சியில் கரைத்து வைத்தாள். மோந்துகூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலையில் மடி கல்லாகிவிட்டது. தொட்டால் சுட்டது. வெந்நீர்த் துணி ஒற்றினாள். சுந்தரி சீறிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டது.

"நீயும் போயிறாதடி," என்றாள். அழுகை வரவில்லை. அதற்கும் சாப்பிட்டிருக்க வேண்டுமே. கதவைச் சாத்திவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பூனை விறைத்துக் கிடக்கும் என்றே நினைத்தாள்.

நாலேகால்.

மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. லயத்தில் யாரும் இன்னும் வரவில்லை. கதவில் கை வைத்தாள். உள்ளே சத்தம்.

சப்... சப்... சப்...

எலியோ என்று மெல்லத் தள்ளினாள்.

சுந்தரி சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. முன்னங்காலை நீட்டி, மடியை விரித்துக் காட்டிக்கொண்டு... குறுகுறுவென்று உறுமியது. குட்டிக்குப் பால் கொடுக்கிற பூனைதான் அப்படிப் படுக்கும்.

குட்டிதான் இல்லை.

அம்மாக்கண்ணு குனிந்தாள். மடியில் மயிர் விலகி விலகிச் சேர்ந்தது. காம்புகள் ஈரமாக இருந்தன. ஒன்று இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது.

சாக்கில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஓடியிருக்கலாம். ஆனால் பயப்படவும் தெம்பு வேண்டும். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்துவிட்டுப் போகட்டும், பாலைக் குடித்தால் சுந்தரி பிழைக்கும் என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் கேட்டது.

மூன்று சத்தம் வேகம். அவற்றுக்கு நடுவே இன்னொன்று. நிதானமாக. நாலு இழுப்பு... ஒரு விழுங்கல்... ஒரு மூச்சு.

மறுபடி நாலு இழுப்பு.

பூனைக்குட்டி அப்படிக் குடிக்காது.

சாக்கில் நாலாவது பள்ளம். முழங்கை நீளம்.

சுந்தரி தலையைத் தூக்கியது. அந்தப் பள்ளத்துக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றை, நீளமாக நக்கியது.

ஒரு விக்கல்.

பிறகு ஒன்றுமில்லை.

தொட்டுப் பார்த்தாள். மடி இளகியிருந்தது. நாலாவது பள்ளம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று ராத்திரி சுந்தரி கஞ்சியை வழித்துக் குடித்தது. அம்மாக்கண்ணு யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் நாலேகாலுக்கு அந்தச் சத்தம். ஆறாம் நாளோடு சின்னச் சத்தம் மூன்றும் நின்றுபோயின. பெரியது நிற்கவில்லை. பதினோரு நாள் வந்தது. பன்னிரண்டாம் நாள் வரவில்லை. சுந்தரி சாக்கைவிட்டு எழுந்து, எலி பிடிக்கப் போய்விட்டது.

ஜப்பான்காரன் போன பிறகுதான், ஒருநாள் மணியம்மாவின் கொட்டகையில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக, பூனைக்குட்டிகளைப் புதைத்ததைச் சொன்னாள். வேலியோரம் என்றதும் மணியம்மாவின் முகம் செத்துப்போனது.

"அங்கயா?"

"ஏன் ஆயா?"

மணியம்மா வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"உம்புள்ளையும் அங்கதான் கெடக்கு."

எழுந்த அம்மாக்கண்ணுவை மணியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு தாயி. அது செத்துப் பொறக்கல. நீ மயங்கிக் கெடந்த. கால் மணி நேரம் மூச்சு இருந்துச்சு. வாயத் தொறந்து தொறந்து தேடுச்சு. விரல வெச்சேன், சப்புச்சு. உங்கிட்டயும் பால் இல்ல, யார்கிட்டயும் இல்ல. எம்மடியிலயே அடங்கிப்போச்சு."

"பசியோடயா?"

"ஆமா."

அம்மாக்கண்ணு அப்போதுதான் அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. அழுது ஓய்ந்தபின், நாலேகாலையும் நாலாவது பள்ளத்தையும் பதினோரு நாளையும் சொன்னாள். மணியம்மா சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை, திருநீறு பூசிக்கொள்ளவும் இல்லை. கல்லாக உட்கார்ந்து கேட்டாள்.

"பன்னெண்டாம் நாளு அது எங்க போச்சு புள்ள?"

அது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியாது.