பர்னிங் ஆஃப்

மெல்பர்னிலிருந்து ஏறிவரும் மலைச்சாலையில், பைன் காட்டோரம் எங்கள் கார் கொதித்துப்போய் நிற்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவர இவர் வாளியோடு ஓடைக்கு இறங்கியிருக்கிறார். நானும் மூன்று வயது மீனுவும் காருக்குள் இருக்கிறோம்.

வழியில் ‘பர்னிங் ஆஃப்’ என்றொரு பலகை இருந்தது. விளக்கை ஆஃப் செய்வதுபோல் தீயை அணைத்துவிட்டார்கள் என்று பொருள் சொன்னவள் நான்தான். இப்போது மரங்களுக்கிடையே புகை தெரிகிறது. பின்சீட்டுக்கு மேலே ஏதோ ‘படக்’கென்று வெடிக்கிறது. மறுபடியும் வெடிக்கிறது. மீனுவை வாரிக்கொண்டு சாலைக்கு ஓடுகிறேன்.

எதிரே வந்த வனத்துறை லாரி நிற்கிறது. கரி படிந்த முகத்துடன் டிரைவர் இறங்குகிறார்.

“தீயை அணைச்சாச்சுன்னு போர்டுல...” என்று என் ஆங்கிலம் தடுமாறுகிறது.

“அணைச்சோமா? நாங்கதான் வெச்சோம்மா! அதுக்குப் பேர்தான் ‘பர்னிங் ஆஃப்’. இப்ப சருகை எரிச்சாத்தான் கோடைத் தீயில காடு தப்பும்.”

காருக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். மீனு காலையில் பொறுக்கிப் பின்கண்ணாடி அடியில் வைத்த பைன் காய்கள் வெயிலில் பிளந்திருக்கின்றன.

“சூடு பட்டாத்தான் இது விதையை விடும். உங்க காரைக் காட்டுத்தீன்னு நினைச்சிடுச்சு.”

“காத்து திரும்பினா?” என்று கேட்கிறேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. புகை எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

“வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. இப்பவே கீழே போகணும்.”

ஹாரனை விடாமல் அழுத்துகிறேன். இவர் வாளியுடன் மூச்சிரைக்க ஏறி வருகிறார்.

“ஆஃப்னுதானே சொன்னே?”

“தப்பாச் சொல்லிட்டேங்க. ஆன்லதான் இருக்கு. சீக்கிரம் தண்ணியை ஊத்துங்க.”