ஏழாவது ஆணியில் ஒரு வில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1944, நவம்பர் 17. பட்டப்பகல். போர் விமானங்களில் பூட்டும் இருபது மில்லிமீட்டர் பீரங்கிகளைச் சுட்டுப் பார்க்கும் கடற்கரைத் திடலில் எனக்கு மணியடிக்கும் வேலை.

பழைய பீரங்கியின் குண்டு பாதி வழியிலேயே தாழ்ந்துவிடும். அதனால் குழாயை நீட்டி, மருந்தைக் கூட்டிப் புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அது தேற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் மேலாளர் கமேயாமா காலையிலிருந்தே எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

குண்டு போய்ப் படும் இலக்குக் கொட்டகைக்குப் போகிறவர், பலகை ஆணியில் தொங்கும் தன் பெயர் எழுதிய மரவில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் அவரே கறுப்புப் பக்கம் திருப்ப வேண்டும். அடுத்தவர் கை படக் கூடாது. எல்லாம் கறுப்பானால்தான் நான் மணியடிப்பேன். மணி கேட்டதும், சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் சுகியே விசையை அழுத்துவான். அங்கிருந்து அவன் கண்ணுக்குக் கொட்டகை தெரியாது. ஒரு வில்லை தவறினால் ஓர் உயிர் போய்விடும்.

3.40. போன ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஆறு கறுப்பு; மேலே தனியாகத் தொங்கும் கமேயாமாவுடையதும் கறுப்பு. ஏழாவது ஆணியில்... ஒரு சிவப்பு. 'முகாய்' என்று எழுதியிருந்தது.

"ஐயா, யாரு இந்த முகாய்? நம்மகிட்ட அப்படி யாரும் இல்லையே?"

கமேயாமா அந்தப் பெயரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏதோ பழசு. திருப்பிப் போடு."

"அடுத்தவங்க தொடக் கூடாதுன்னு நீங்கதானே..."

"ஷிகே! எனக்கே பாடம் எடுக்கறியா? திருப்பும்மா!"

திருப்பினேன். வில்லை சில்லென்று ஈரமாக இருந்தது. மணியடித்தேன்.

டம் டம் டம்... பத்துக் குண்டுகள்.

கொட்டகையின் மேல் ஒரு வெள்ளைக்கொடி எழுந்தது. குண்டு பட்டதா என்று யாராவது உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் அந்தக் கொடி எழும். ஆறு பேரும் என் பக்கத்திலேயே நின்றார்கள்.

பலகையைப் பார்த்தேன். முகாய்... மறுபடியும் சிவப்பு.

"உள்ளே ஆள் இருக்குங்கய்யா. நான் மணியடிக்க மாட்டேன்."

கமேயாமாவின் முகம் வெளுத்தது. "எவனோ விளையாடறான். நானே போய் இழுத்துட்டு வரேன்."

"உங்க வில்லையைத் திருப்பலையே..."

"ஒரு நிமிஷ வேலை. நீ மணியைத் தொடாம இரு, போதும்."

3.52. அவர் கொட்டகைக்குள் நுழைந்தார்.

மணிக்கயிற்றை விட்டு நான்கடி தள்ளி நின்றேன்.

கயிறு அசைந்தது.

டங்...

"சுகியே, வேணாம்!"

டம் டம் டம்...

பலகையில் எல்லாம் கறுப்பு. கமேயாமாவுடையதும்.

அவரைத் துணியில் சுற்றித் தூக்கி வந்த பிறகு பலகையில் முகாயின் வில்லையைத் தேடினேன். ஏழாவது ஆணி காலியாக இருந்தது.

போர் முடிந்தபின் அந்தத் திடலின் பழைய கிடங்குக்காரரைச் சந்தித்தேன். அதே 1944 ஏப்ரலில், நான் வேலைக்குச் சேரும் முன்பு, முகாய் கொட்டகைக்குள் இருக்கும்போதே சுட்டுவிட்டார்களாம். தலைபோகிற அவசரத்தில் அவனுடைய வில்லையைக் கறுப்பாகத் திருப்பியவர் கமேயாமா.

"அந்த வில்லை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அவன் சவப்பெட்டியிலேயே வெச்சு எரிச்சுட்டோமேம்மா. அப்பவே, ஏப்ரல்ல."

நவம்பரில் அதைத் திருப்பிய விரல்கள் இவைதான்.