ஓட்டை இல்லாத பூட்ஸ்

என் வீட்டுக்காரருக்கு எதிர்த்துப் பேச வராது. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்து அம்மாவிடம் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவருக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. அலுவலகம் என்றால் நிழலில் உட்காரும் வேலை இல்லை. ஊருக்கு வெளியே சதுப்புக்காட்டின் நடுவே போகும் பெரிய மின்கோபுர வரிசையில், அறுபத்தொன்றாம் நம்பர் கோபுரத்திலிருந்து எண்பத்தெட்டாம் நம்பர் வரை நடந்து பார்த்துவிட்டு வரவேண்டும். கொடி ஏறியிருக்கிறதா, கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா, கிளை கம்பியில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். பாதி வழி முழங்கால் சேறு, மீதி வழி தொடையளவு தண்ணீர். ஒல்லிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் நாரை. அதற்கும் கோபம் வராது. "நாரைன்னா நாரை, இப்போ அதுக்கென்ன?" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் மனுஷனுக்கு வாய் ஓயாது. பூட்ஸ். முதல் வருஷம் ரப்பர் பூட்ஸ் போட்டுப் போனார். சேறு அதைக் காலோடு விடாமல் தனியாகப் பிடுங்கிக்கொண்டது. அடுத்துப் பல வருஷம் கெட்டித் தோல் பூட்ஸ். ஒருநாள் நனைந்தால் காய நாலு நாள் ஆகும், காலுக்கு ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி கனம். அப்புறம்தான் பழைய சாமான் சந்தையில் பட்டாளத்து ஆட்கள் காட்டுக்குள் போடும் பூட்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது என்று தூக்கிக்கொண்டு வந்தார். கீழே தோல், மேலே தடித்த கேன்வாஸ். உட்பக்கம் பாதம் வளையும் இடத்தில், சல்லடை வைத்த இரண்டு சின்ன ஓட்டைகள்.

"ஓட்டை பூட்ஸைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்" என்றேன்.

"தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு நினைக்கிறவன் சதுப்புல இறங்காதவன். தொடை வரைக்கும் தண்ணியில நின்னா மேல வழியாத்தானே வரும்? வர்றதைத் தடுக்க முடியாது. வந்தது போகணும். நீ ஒரு அடி எடுத்து வச்சா, இந்த ஓட்டை வழியா அதுவே பீச்சிக்கிட்டுப் போயிடும்." கட்டைவிரலை அந்த ஓட்டைமேல் வைத்துக் காட்டினார். பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தையும் காட்டினார். "கட்டைங்க தள்ளித் தள்ளி இருக்கு பாத்தியா? நெருக்கமா இருந்தா சேறு அப்பிக்கும். இது ஒரு உதறு உதறினா விழுந்துடும். அளவு கொஞ்சம் பெருசா எடுக்கணும், சாயங்காலம் கால் வீங்கும்."

சாயங்காலம் வந்ததும் அதைக் கழுவி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து வைப்பார். விடிந்தால் கேன்வாஸ் காய்ந்திருக்கும். ஒன்பது வருஷம் அதைப் போட்டார். இரண்டு தடவை அடி மாற்றினார். அந்த ஒன்பது வருஷமும் அவர் காலில் ஒரு கொப்புளம் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் அலுவலகத்தில் ஞானோதயம் வந்தது. நடை ஊழியர்கள் எல்லாருக்கும் அவர்களே பூட்ஸ் கொடுப்பார்களாம். மூன்று மாதிரி வந்திருக்கிறது, தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஊழியர் தரப்பில் ஒருவர் இருக்கவேண்டும், அது நாரை அண்ணன்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை சலவைக்கடையில், இஸ்திரி மேசையில். அன்றைக்கு ஊரான் சட்டையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மீட்டிங் ரூம்ல அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. 'உக்காருங்க சார்'ன்னாரு. என்னைப் போய் சார்னு கூப்பிட்டாரு! சாசரோட கப்புல டீ."

"பூட்ஸ் என்னாச்சு?"

"ஒரு பக்கெட்ல தண்ணி வச்சு மூணையும் முக்கிப் பாத்தாங்க. ஓட்டை வச்சது உடனே ரொம்பிடுச்சு. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. மூணாவது, ரப்பர் வச்சது, உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"நீங்க சொல்லலையா? மேல வழியாத்தான் வரும்னு?"

"சொன்னேனே. 'அப்போ ரொம்ப ஆழமா இறங்காதீங்க சார்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

அதற்குமேல் கேட்டால் "விடு, நல்லாத்தான் இருக்கும்" என்று குளிக்கப் போய்விட்டார். நான் அன்றைக்கே விடாமல் பிடித்திருக்கவேண்டும். எனக்குத்தான் புத்தி வேறு எங்கோ இருந்தது.

புது பூட்ஸ் வந்தது. பளபளவென்று, கெண்டைக்கால் வரை உயரம், உள்ளே முழுக்க ரப்பர். முதல்நாளே திரும்பி வந்து வாசலில் கவிழ்த்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொம்புத் தண்ணீர், சேறும் தழையுமாக. காட்டில் ஒவ்வொரு ஓடையைத் தாண்டியதும் உட்கார்ந்து கயிறு அவிழ்த்துக் கவிழ்க்கவேண்டும். அப்படிச் செய்தால் பத்து கோபுரம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் தண்ணீரைச் சுமந்துகொண்டே நடந்தார். பழைய பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஒவ்வொரு கோபுரத்தடியிலும் தலைக்கவசத்திலிருந்து கால்வரை தெரிய போட்டோ எடுத்து அனுப்பவேண்டுமாம்.

"குடுங்க, கோணி ஊசியைச் சுட வச்சு நானே ரெண்டு ஓட்டை போட்டுத் தர்றேன்."

"ஐயையோ, ஆபீஸ் சாமான். அதோட, கமிட்டியில இருந்தவன் நானே அதைக் கெடுத்தேன்னு பேர் வரணுமா?"

"பேரை வச்சு என்ன பண்ணப் போறீங்க? கால் உங்களுது!"

பூட்ஸை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். அவருடைய பதில் எப்போதும் அதுதானே.

மழைக்காலம் வந்தது. பாதம் இரண்டும் வெளுத்துச் சுருங்கிப் போயிற்று. வெந்நீர் ஊற்றினால் சூடு தெரியவில்லை என்றார். "வலிக்குதா?" என்றால் "இல்லையே" என்பார். மரத்துப்போன கால் எப்படி வலிக்கும்? பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் தோல் உரிந்து கறுத்திருந்ததை நான்தான் பார்த்தேன். நாற்றம் வந்ததால் பார்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார், அவரையல்ல. மூன்று விரல்களை எடுத்தார்கள்.

கட்டோடு வீட்டில் கிடந்த இரண்டு மாதமும் குடியிருப்பு முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் தெரியாத மனுஷனைக் கூப்பிட்டு வைத்து, டீயைக் கொடுத்து, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று. பால்காரரிடம்கூடச் சொன்னேன். அதை நம்பித்தான் தெம்பாக இருந்தேன்.

இனி நடக்கிற வேலை முடியாது, உட்காருகிற வேலையாகக் கொடுங்கள், இது பூட்ஸால் வந்தது என்றும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க அவரைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அவர் சட்டைக்காலர் என் கடையில் தேய்த்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பூட்ஸாலன்னு எப்படிம்மா எழுத முடியும்? அதைத் தேர்ந்தெடுத்ததே சார்தானே?"

"படிக்க விடாம கையெழுத்து வாங்கியிருப்பீங்க! எங்களைப் பாத்தா இளிச்சவாயா தெரியுதா?" கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் கத்தினேன்.

அதிகாரி ஃபைலைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். நாலு வரி. 'சேறும் தண்ணீரும் உள்ள வழித்தடத்துக்கு மூன்றாவது மாதிரியே ஏற்றது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.' கீழே கையெழுத்து. அச்சடித்ததில்லை, பேனாவில் எழுதியது. ழகரத்தின் வாலை இழுத்து அடுத்த எழுத்தின்மேல் போடும் அந்தக் கோணல் எழுத்தில்தான் எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல் இருபது வருஷமாக எழுதப்படுகிறது. நான் ஃபைலை மூடினேன். "நேரமாச்சு, வாங்க" என்று அவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன்.

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். "கையைப் பிடிச்சு எழுத வச்சாங்களா?"

"இல்ல."

"மிரட்டினாங்களா?"

"சேச்சே. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. இத்தனை வருஷத்துல என்னை உக்காருன்னு சொன்னது அன்னைக்குத்தான். சார்னு வேற கூப்பிட்டுட்டாரு. அதுக்கப்புறம் எப்படிம்மா இல்லன்னு சொல்றது?"

எனக்கு அழுகையும் வந்தது, அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது. நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள் நான். ஒரு நாற்காலிக்கு உடம்பு எப்படி ஏங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மூன்று விரல் அதிகம்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், உட்காருகிற வேலை. நுழைவாயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு. தடத்துக்குக் கிளம்புகிற ஒவ்வொருவரும் தலைக்கவசம், கையுறை, அங்கீகரித்த பூட்ஸ் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதவேண்டும்.

அவருடைய தடத்தில் இப்போது நடப்பவர் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. போன வாரம் அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். "அக்கா, இவர் பாதம் ஊறப்போட்ட துணி மாதிரி இருக்குக்கா. கிள்ளினா தெரியலைங்கிறார். கொஞ்சம் வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தேன். அந்த வெளுப்பு எனக்குத் தெரியாதா? அவள் வீட்டு அடுப்பிலேயே கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, பூட்ஸின் உட்பக்கம், பாதம் வளையும் இடத்தில், ஒன்றுக்கு இரண்டாக நாலு ஓட்டை போட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். பீச்சிக்கொண்டு வெளியே வந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வருஷத்தில் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம், வழக்கம்போல அவர் காலை முக்காலிமேல் வைத்துப் பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு ஒரு கூத்து. நம்ம தடத்துல போறவன் பூட்ஸ்ல ஓட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான்."

என் கை நின்றது. "நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுதிட்டேன்."

"எழுதிட்டீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? விட்டா என் நாற்காலி போயிடும். ஸ்டோர்ல இருந்து வேற ஜோடி எடுத்துக் குடுத்து அனுப்பிச்சேன். புத்தம் புதுசு."

"அந்த ஓட்டையைப் போட்டது நான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "இடம் சரியாத்தான் போட்டிருந்தே."

மருந்தையும் துணிச்சுருளையும் அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு அவர் கட்டை அவரே போட்டுக்கொண்டார்.