அத்தை முகத்து எலுமிச்சைச் சாறு

மண்ணரையில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த வருஷம் அது. குழாய்க்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துத் திருகினார்கள். காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர் வந்து தெருவெல்லாம் ஓடியது. அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்துதான் என் முன்பல் போனது. பல் கதை வேறு. அந்த வாரம்தான் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக மடத்துக்குளத்திலிருந்து சேதி வந்தது. அதற்காகச் சொன்னேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பனியன் கம்பெனியில், காலால் மிதித்துத் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டினாள். அதுவரை அந்தக் கம்பெனியில் பெண்களைத் துணி மடிக்கத்தான் விடுவார்கள். மிஷினில் உட்கார்ந்த முதல் பெண் அவள். வீட்டில் சோறு தின்னும்போதும் அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"இங்க மிசினு ஒண்ணுமில்ல புள்ள, காலைச் சும்மா வெய்யி" என்பாள் அம்மா.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தரகர் வந்து எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார். "அவிய ஊட்டுப் பொம்பளைங்க கம்பெனி வாசப்படி மிதிக்கறதில்லீங்க. அத மட்டும் பாத்துக்கங்க."

அப்பா தலையாட்டினார். உள்ளே அத்தையின் கால் நின்றுவிட்டது.

அப்பாவுக்குச் சலவைப் பட்டறையில் வேலை. பழுப்புத் துணியைத் தொட்டியில் போட்டு, பிளீச்சிங் பவுடர் கலக்கி வெளுக்கிற வேலை. இரண்டு கையும் வெடித்துக் கிடக்கும். மோர்ச்சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியில் சாப்பிடுவார். அதனால் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெள்ளையாக்குகிற எதுவும் பிளீச்சிங்தான். கடையில் விற்கிற ஸ்னோ கிரீம் முகத்தை வெளுக்க வைக்கும் என்றால் அதற்குள்ளும் அதுதான் இருக்கிறது. மரத்தில் காய்த்ததோ யாரையும் ஒன்றும் செய்யாது.

பெண் பார்க்க வருவதற்கு நாலு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, பின்பக்க மரத்தில் எலுமிச்சை பறித்து வரச் சொன்னார். சாறு பிழிந்ததும் நான்தான். அவர் கையில் பட்டால் எரியும்.

"மொகத்துல தடவிட்டு மத்தியானம் வரைக்கும் கழுவாத. பளிச்சுனு ஆயிரும்" என்று அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்துக் கம்பெனியில் கரண்ட் இல்லை. சும்மா உட்கார வைப்பானேன் என்று முதலாளி எல்லோரையும் வெட்டவெளிப் பாறையில் துணி காயப்போட அனுப்பிவிட்டார். மத்தியானம் வரை வெயில்தான்.

மறுநாள் அவள் கன்னம் சிவந்தது. அதற்கடுத்த நாள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் டீத்தண்ணி வழிந்த மாதிரி கோடு கோடாகக் கறுத்தது. ஊரில் ஒரு சாவு, இப்போது வர வேண்டாம் என்று மடத்துக்குளத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, அப்பா அத்தையின் தகரப்பெட்டியைக் கவிழ்த்தார். துணிகளோடு ஒரு ஸ்னோ டப்பா உருண்டு வந்தது.

"தொறக்கவே இல்லீங்ணா. நீங்களே பாருங்க" என்றாள் அத்தை. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதம் கிழியாமல்தான் இருந்தது.

"தொறக்கோணுமா? எங்க பட்டறைல மூட்டையப் பிரிக்காமயே கண்ணு எரியுது. பொட்டிக்குள்ள வெச்சிருந்தீல்ல, துணியில ஏறியிருக்கும்."

"அப்பொ துணி வெளுத்திருக்கோணுமுல்லீங்ணா?"

அப்பா டப்பாவைத் தன் இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார்.

அதற்குப்பின் இரண்டு மாதம் வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தினமும் விடிந்ததும் அப்பா அத்தையை வாசலுக்குக் கூப்பிட்டு, துணியில் கறை பார்ப்பது போல முகத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்வார். அம்மா அடுப்புக்கும் வாசலுக்கும் நடப்பாள். முதலாளி வேறு, வேலையிலிருந்து நின்றுகொள்வதானால் இப்போதே சொல்லிவிடு, அந்த மிஷினுக்கு வேறு ஆள் காத்திருக்கிறது என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கோடுகள் மெல்ல மெல்ல மங்கின. அப்பா மறுபடி நாள் குறித்தார்.

அந்த நாளுக்கு முந்தின வாரம், விடுமுறை நாள் மத்தியானம். அப்பா தூங்குகிறார். அத்தை என்னைத் தனியாக அழைத்தாள்.

"கண்ணு, ரெண்டு எலுமிச்சங்கா பறிச்சுட்டு வா. அப்பாவ எழுப்பாத."

கொண்டுபோய்க் கொடுத்தேன். முகமெல்லாம் தேய்த்துக்கொண்டு, ஒரு ஈரத் துண்டை எடுத்துப் பின்பக்கக் கயிற்றில் காயப்போட்டாள். உடனே எடுத்தாள். கயிற்றின் அந்த ஓரத்தில் போட்டாள். பிறகு மறுபடி இந்த ஓரம். துண்டு காய்ந்தே போனது. முகத்தை மட்டும் சூரியனுக்கு நேராக வைத்திருந்தாள்.

"நெழலுக்கு வாங்கத்த, சுடுது" என்றேன்.

"இருடா சாமி, இன்னுங் கொஞ்சம்."

அவள் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

குறித்த நாளில் அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தே விட்டார்கள். அம்மா எத்தனை பவுடர் அப்பியும் கறுப்புக் கோடு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா காப்பியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"புள்ளைக்கு ஏதோ தோல் சீக்காட்டத் தெரியுதுங்க. வைத்தியம் பாருங்க, பொறவு பேசிக்கலாம்."

பிறகு பேசவில்லை. வண்டி போனதும் அப்பா என் காதைப் பிடித்தார்.

"உங்கத்த மொகத்துக்கு என்னடா தடவுனா?"

"எலுமிச்சங்காதாங்க."

"அது நல்லதுடா. அதுக்கு மேல என்ன தடவுனா?"

"எலுமிச்சங்காதாங்கப்பா."

அவர் காதை விட்டுவிட்டார். இத்தனை நாளும் வேட்டி முடிச்சிலேயே வைத்திருந்த ஸ்னோ டப்பாவை எடுத்து வாசல் கல்லில் வைத்துக் குதிகாலால் நசுக்கினார். கடைசிவரை அவருக்கு அந்த ஸ்னோதான் குற்றவாளி. எனக்குக் கல்யாணமானபோது என் மனைவிக்கும் எலுமிச்சைதான் சிபாரிசு செய்தார்.

மறுநாள் அத்தை அதே முகத்தோடு வேலைக்குக் கிளம்பினாள். அழுவாள் என்று பார்த்தேன். சோற்றுத் தூக்குப்போசியை வீசிக்கொண்டு, மற்றப் பெண்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் தட்டிப்போன ஆள் இவ்வளவு வேகமாக எதற்கு நடக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வெயிலில் எதற்கு நின்றாள் என்றும் விளங்கவில்லை. அடுத்த கோடைக்குள் முகம் பழையபடி ஆனது. மிஷினும் அவளிடமே இருந்தது.

போன வருஷம் என் முழங்கால் வலிக்கு மருமகள் ஒரு குப்பி வாங்கி வந்தாள். மேலே இலைப் படம், உள்ளே எலுமிச்சைத் தோல் எண்ணெய். "இதுல கெமிக்கலே கெடையாதுங்க மாமா" என்று தேய்த்துவிட்டாள். நான் வாசல் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அதே டீத்தண்ணிக் கோடு. தோல் டாக்டரம்மா பார்த்ததும் கேட்டார்: "எலுமிச்சை பட்டுதுங்களா? பட்டதோட வெயில்ல இருந்தீங்களா?" அந்தத் தோலில் இருக்கிற ஏதோ ஒன்று வெயிலோடு சேர்ந்தால் சுடுமாம். அதே வாசனையைக் கம்பெனியில் கெமிக்கலாகச் செய்தால் அந்த ஒன்று அதில் இருக்காதாம். நான் காலைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அத்தை கயிற்றில் போட்டுப் போட்டு எடுத்த துண்டைத்தான் மனசில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அவளுக்குத் தெரியாது. இரண்டாம் தடவை தெரியும்.

உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள், எலுமிச்சை தடவினால் நிழலில் இருக்கட்டும். சொன்ன பிறகும் ஒருத்தி போய் வெயிலில் நின்றால், அவளை மட்டும் உள்ளே கூப்பிடாதீர்கள்.