அளவு பாடி

தி. நகர்க் கடையில் யாருக்கும் டேப் வைத்து அளப்பதில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண் அம்மாவின் புடவை மேல் ஒரு பார்வையை ஓட்டிவிட்டு, "அம்மாவுக்கு நாப்பது கரெக்டா இருக்கும்க்கா" என்று பிரா டப்பாவைத் திறந்தாள். அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "பாத்தாலே தெரியும்க்கா" என்று சிரித்தாள். புடவைக்குள் இடப்பக்கம் மடித்து வைத்திருந்த கைக்குட்டை மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. போன வருடம் புற்றுநோய்க்காக அம்மாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளினாள். ஒன்றும் வாங்காமல் ஆட்டோ பிடித்து சாந்தோம் வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்தக் கடைக்காரப் பெண்ணை நான் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போகும்வரை எனக்கும் எல்லாம் கண்ணளவுதான். ஸ்டுட்கார்ட்டில் மாலை நேரத் தையல் வகுப்பில் சேர்ந்தேன். பிரா தைக்கும் பாடத்தன்று என் பழைய பிரா ஒன்றை எடுத்துப் போய் ஆசிரியை முன்னால் வைத்தேன். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துத்தானே நமக்குப் பழக்கம்? அந்த அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிழிந்திருக்கிறது என்று கேட்டார். ரிப்பேருக்குக் கொண்டு வந்தேன் என்று நினைத்துவிட்டார். ஒருவழியாக விளக்கியதும், பழசு எதற்கு, சட்டையைக் கழற்று என்றார். அத்தனை பெண்களுக்கும் நடுவில் கழற்றினேன். மூச்சை வெளியே விடச் சொல்லி மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கிச் சுற்றினார். பிறகு மார்பின் நிறைவான இடத்தில் தளர்வாக. முதல் அளவு பட்டிக்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கப்புக்கு. கல்லூரிக் காலத்திலிருந்து தப்பான அளவைப் போட்டுத் தோளில் தடம் வாங்கியிருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்போதிருந்து எனக்கு வேண்டியதை நானே தைத்துக்கொள்கிறேன்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது பைபிள் வாசகம் வாசிக்கிறவள். ஆபரேஷனுக்குப் பிறகு பீடத்துப் பக்கமே போகவில்லை. எல்லார் முன்னாலும் கைக்குட்டை நழுவினால் மானம் போய்விடுமாம். இந்த ஞாயிறு வாசிக்க வருவீர்களா என்று பங்குத்தந்தை கேட்டிருந்தார். அன்று மாலையே எனக்கு ஜெர்மனிக்குத் திரும்ப விமானம். அதற்குள் தைத்துத் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். பிரா என்ற சொல் அவள் வாயில் வராது. "இதான் அளவு பாடி. இத வச்சித் தையி."

அது ஆபரேஷனுக்கு முந்தைய உடம்பின் அளவு. தெரிந்தும், அவளை வற்புறுத்தப் பயந்து அதை வைத்தே தைத்தேன். போட்ட வேகத்தில் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"வேணாம்டி. தழும்புல உரசுது. நான் வாசிக்கப் போவல, வுடு."

"நான் அளக்கணும்மா."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"நர்ஸுக்குக் காட்டினே, டாக்டருக்குக் காட்டினே. பெத்த பொண்ணுக்குக் காட்ட மாட்டியா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. ஹாலில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் அது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரிகள் முன்னால் கூசாமல் நின்றவள், பிறந்த வீட்டில் ஒரு கதவுக்கு வெளியே விருந்தாளியைப் போல நின்றேன். ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கதவைத் திறந்தாள்.

"நர்ஸு பாத்துட்டு அது வேலையப் பாக்கப் போயிடும். நீ பாத்தா அங்க போயி அதையே நெனச்சிகினு அழுவே. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல?"

"இங்கயே அழுதுட்டுப் போறேம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி நின்று ஜாக்கெட் கொக்கிகளை அவிழ்த்தாள்.

பார்த்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. சொன்னபடி அழுதேன். "டேப்ப நனைக்காதடி" என்றாள். மூச்சை வெளியே விடச் சொல்லிக் கீழ்ச்சுற்றை அளந்தேன், தழும்பில் படாமல். மேல்சுற்றை முழுதாக எடுத்தால் அவளுக்குச் சரிவராது. முதுகெலும்பிலிருந்து வலப்பக்கமாக நெஞ்சின் நடுவரை எடுத்து, அதை இரட்டித்துக்கொண்டேன். இடப்பக்கத்துக் கப்புக்குள் ஒரு பை வைத்தேன். வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிவிடும் என்று, நடுவில் ஒரு சின்னத் துணி முடிச்சில் கேழ்வரகைக் கட்டி வைத்துத் தைத்தேன். இந்த முறை போட்டுக்கொண்டு வந்தவள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி வெகுநேரம் நின்றாள். சரியாக இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று கேட்டால் தெரியாது. முடியும்வரை அவள் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் நழுவவில்லை.

மாலையில் விமான நிலைய வாசலில் அம்மா என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் யாரையும் அப்படி அணைத்ததில்லை. "போதும் போ, ஆளுங்க நிக்கிறாங்க பாரு" என்றாளே தவிர கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என் நெஞ்சில் அழுந்திக்கொண்டிருந்ததில் எது அம்மா, எது நான் வைத்துத் தைத்த கேழ்வரகு என்று எனக்குத் தெரியவில்லை.